தாலிங்காப்பின் சேமிப்புக் கதை

மின் கூட்டுறவுச் சங்கம் மணிலாக்காரர்கள் கைக்கு மாறிய ஆறாம் மாதம், தீவில் நாற்பத்துமூன்று மீட்டர் ரீடர்களையும் பத்தொன்பது லைன்மேன்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய கடிதத்தில் வேலைநீக்கம் என்ற சொல் எங்கும் இல்லை. "எங்களோடான உங்கள் பயணம் இனிதே நிறைவடைகிறது. அடுத்த பயணத்துக்கு வாழ்த்துகள்" என்று இருந்தது. லைன்மேன் ஒருவர் அதைப் படித்துவிட்டு, கம்பெனி தன்னை எங்கோ சுற்றுலா அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டு பரண் மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னாராம்.

மீட்டர் ரீடர்களில் வேலை போகாமல் தப்பியவர் காசியானோ ஒருவர்தான். இருபத்துநாலு வருஷம் தீவின் கிழக்குக் கரை முழுவதும் மீட்டர் பார்த்தவர். எந்த வீட்டு மீட்டருக்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறது, எந்தக் கம்பத்தில் எறும்புப் புற்று என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தன்னை மட்டும் ஏன் வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. கிளை மேலாளர் வில்யேகாஸிடம் போய்க் கேட்டார்.

"உன் மூஞ்சியைப் பாத்தா ஜனங்க கதவைத் திறக்குறாங்கய்யா. நாய்கூட குலைக்க மாட்டேங்குது" என்றார் வில்யேகாஸ். "மணிலாவுல அதுக்கு ஏதோ பேரு வச்சிருக்காங்க. இப்ப ஞாபகம் வரல."

அன்றிலிருந்து காசியானோவின் பதவி 'உரையாடல் அலுவலர்'. மீட்டர்கள் தாங்களாகவே மணிலாவுக்குக் கணக்கு அனுப்பிவிடும். மனிதர் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. மனிதர் போய்ப் பேசினால் போதும். எப்படிப் பேசுவது என்பதற்கு நகரத்து ஓட்டலில் மூன்று நாள் பயிற்சி. பாடத்தின் தலைப்பு மின்சாரச் சிக்கனம். குளிர்சாதனம் அப்படி வேலை செய்தது, வந்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் கம்பளிச் சட்டை கொடுத்துத்தான் உட்காரவைக்க முடிந்தது.

பாடம் நடத்தியவர் கம்பெனியின் உரையாடல் பிரிவுத் தலைவி ஒதெத் மேடம். முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்ட பெண் அல்ல. மூன்று நாளும் காசியானோவின் தட்டில் இன்னொரு துண்டு மீன் எடுத்துவைத்தவர்.

"மின்வெட்டுன்னு சொல்லக் கூடாது. கரண்டுக்கு ஓய்வுன்னு சொல்லணும்" என்றார். "ரிப்பேர்னு சொல்லாதீங்க. கம்பி பயணத்துல இருக்குன்னு சொல்லுங்க. அப்புறம், இல்லைங்கிற வார்த்தையே நம்மகிட்ட கிடையாது. இன்னும் இல்லை. அவ்வளவுதான்."

"கம்பம் விழுந்துட்டா என்ன சொல்றது மேடம்?" என்று காசியானோ கேட்டார்.

ஒதெத் மேடம் கொஞ்சம் யோசித்தார். "நிலத்தை நெருங்கியிருக்குன்னு சொல்லலாம்."

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. அதற்கு 'ஒரே குரல்' என்று பெயர். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்பதை உரையாடல் பிரிவு மட்டுமே வாடிக்கையாளருக்குச் சொல்லலாம். வேறு யாராவது வாய் திறந்தால் அவருடைய பயணமும் இனிதே நிறைவடையும்.

மாதா மாதம் வீட்டுக்கு வீடு ஒரு கடிதம் கொடுப்பதுதான் காசியானோவின் புது வேலை. பக்கத்து வீடுகளைவிடக் குறைவாகக் கரண்டு செலவழித்த வீட்டுக்குச் சிரித்த முகம் அச்சடித்த கடிதம். கூடச் செலவழித்த வீட்டுக்கு உதட்டைப் பிதுக்கிய முகம். கிழக்குக் கரையின் கடைசியில் இருந்த தாலிங்காப் கிராமத்தில் இந்த முகங்கள் பெரிய கலவரத்தைக் கிளப்பின. மனைவியை இழந்த ஒருவர், தனக்கு வந்த சிரித்த முகத்தைச் சட்டம் போட்டு அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஒரு வீட்டில் மருமகளுக்குப் பிரசவம் ஆகி இரவெல்லாம் விளக்கு எரிந்த மாதம் உதடு பிதுங்கியது. மாமியார் குழந்தையை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

மாதம் தவறாமல் உதடு பிதுங்கியது லிகாயா வீட்டுக்குத்தான். அவள் வீட்டு வாசலில் ஒரு பழைய ஐஸ்பெட்டி இருந்தது. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ்கட்டியும், பிள்ளைகளுக்குக் குச்சி ஐஸும் அதிலிருந்துதான் போகும். ஊரில் இருந்த ஐஸ் ஆலை எட்டு வருஷத்துக்கு முன்பே மூடிவிட்டதால் அந்தப் பெட்டிக்கு ஓய்வே கிடையாது. அவள் புருஷன் ஆர்செனியோ கணவாய் மீன் பிடிக்கிறவன். எதையும் சிரிப்பாக்காமல் விடமாட்டான். வந்த கடிதங்களையெல்லாம் ஐஸ்பெட்டிமேல் வரிசையாக ஒட்டிவைத்தான்.

"என் மாமியார் படம்ணே. நாலு கோணத்துல எடுத்தது" என்று காசியானோவிடம் காட்டினான்.

"ஐஸ்பெட்டியைக் கொஞ்ச நேரம் அணைச்சு வச்சா முகம் சிரிக்கும்னு சொல்லச் சொல்லியிருக்காங்க" என்றார் காசியானோ, பயிற்சியில் சொன்னபடியே.

"அணைச்சு வச்சா மீன் சிரிக்கும்ணே, ஊரே மூக்கைப் பொத்தும்" என்றாள் லிகாயா. சொல்லிவிட்டு அவருக்கு ஒரு குச்சி ஐஸ் எடுத்துக் கொடுத்தாள்.

நவம்பர் மூன்றாம் தேதி புயல் அடித்தது. தாலிங்காப்பில் ஏழு கம்பங்கள் நிலத்தை நெருங்கின. டிரான்ஸ்பார்மர் கோயிலுக்குப் பின்னால் சேற்றில் தலைகுப்புறக் கிடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இருண்டன. கம்பம் ஏறத் தெரிந்த பத்தொன்பது பேரும் அடுத்த பயணத்தில் இருந்தார்கள். பாதிப் பேர் சவுதியில், மீதிப் பேர் சேவல் சண்டைக் கொட்டகையில்.

காசியானோ கம்பெனி கொடுத்திருந்த டேப்லெட்டை எடுத்தார். செய்தி அனுப்பும் பக்கத்தில் மூன்றே மூன்று பொத்தான்கள் இருந்தன: பாராட்டு, ஆலோசனை, சேமிப்புக் கதை. புகார் என்று ஒன்று இல்லை. பாராட்டைத் தொட மனம் வரவில்லை. ஆலோசனையில் 'கம்பம் நடவும்' என்று எழுதினார். "உங்கள் ஆலோசனை சுவாரசியமானது" என்று பதில் வந்து அதோடு நின்றது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மீதமிருந்த பொத்தானைத் தொட்டார். "தாலிங்காப் கிராமத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒரு யூனிட் மின்சாரம்கூடச் செலவாகவில்லை. மக்கள் மீனை வெயிலில் காயவைக்கிறார்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள்" என்று எழுதி அனுப்பினார். இதைப் படித்தால் யாருக்காவது உறைக்கும் என்பது அவர் கணக்கு.

உறைத்தது. டிசம்பர் கடைசியில் வில்யேகாஸ் அவரைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் பல்.

"தாலிங்காப்புக்கு விருதுய்யா. நாட்டிலேயே சிக்கனமான கிராமம். நூத்துக்கு நூறு சேமிப்பு. இதுவரைக்கும் யாரும் தொண்ணூறைக்கூடத் தாண்டினதில்லையாம்."

"சார், அங்க கரண்டே இல்ல."

"இன்னும் இல்லை" என்று திருத்தினார் வில்யேகாஸ்.

"கம்பம் விழுந்து ரெண்டு மாசமாகப் போகுது சார். அதைச் சொல்லத்தான் நான் எழுதினேன்."

"நீ எதுக்கு எழுதினேங்கிறது உன் மனசுக்குள்ள. எந்தப் பொத்தானை அமுக்கினேங்கிறதுதான் மணிலாவுக்குத் தெரியும். கம்பெனித் தலைவரே நேர்ல வர்றாராம். போய் முடி வெட்டிக்கோ."

விழாவை ஜனவரி பதின்மூன்றாம் தேதிக்கு வைத்தார்கள். கரண்டு போய் எழுபத்தோராம் நாள். மூன்று நாள் முன்னதாக, தீவுக்கே புதியவர்களான கான்ட்ராக்ட் ஆட்கள் வந்து ஏழு கம்பங்களை நட்டார்கள்; டிரான்ஸ்பார்மரைக் கழுவி மேலே ஏற்றினார்கள். ஊரார் கேட்டதற்கு, "கம்பம் நடுறது எங்க வேலை. கரண்டு எப்போங்கிறது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊராருக்கும் அதில் அவசரமில்லை. கம்பம் வந்தால் அடுத்த பண்டிகைக்குக் கரண்டு வரும். அது அந்தக் கரையின் வழக்கம்.

விழா நாள் காலையில் தூறல். விருந்தாளிகளின் படகோடு மஞ்சள் சட்டைப் பெட்டிகள் ஏற்றிய படகும் வந்தது. வழியில் அலை ஏறி அத்தனை சட்டையும் நனைந்துவிட்டது. 'நான் சேமிக்கிறேன்' என்று நெஞ்சில் அச்சடித்த இருநூறு சட்டைகள். கூடைப்பந்து மைதானத்துக் கூரையடியில் மேடை போட்டிருந்தார்கள். ஒதெத் மேடம் காலடி மணலில் புதைய நடந்து நடந்து எல்லாரையும் விரட்டினார்.

"சட்டையைப் பிழிஞ்சு சீக்கிரம் காயப்போடச் சொல்லுங்க. ரெண்டு மணிக்கு எல்லார் மேலயும் மஞ்சள் இருக்கணும். ஒரு ஆள்கூட வேற நிறத்துல படத்துல விழக் கூடாது."

பதினொரு மணிக்குத் தூறல் நின்று வெயில் வந்தது. அப்போதுதான் காசியானோவின் கையில் அன்றைய நிகழ்ச்சி நிரல் கிடைத்தது. கடைசிக்கு முந்தின வரியில், "2.00 - ஒளி (ரகசியம்)" என்று இருந்தது. ஒதெத் மேடத்தைத் தேடிப் போனார்.

"மேடம், ரெண்டு மணிக்குக் கரண்டு விடப் போறாங்களா?"

"மெதுவா பேசுங்க. அது பரிசு. தலைவர் பேசி முடிக்கும்போது செபு நகரத்து ஆபீஸ்லேருந்து கம்ப்யூட்டர்ல விடுவாங்க. ஜனங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா சந்தோஷம் முகத்துல நிஜமா வராது."

"வீடுகளுக்குப் பின்னால ஒரு கம்பி தொங்குது மேடம். பழைய ஐஸ் ஆலைக்குப் போன கிளைக் கம்பி. புயல்ல கம்பம் சாஞ்சு, ரெண்டு தென்னைக்கு நடுவுல நெஞ்சு உயரத்துக்கு இறங்கியிருக்கு. ஒரு முனை இன்னும் கோயில்கிட்ட இருக்கிற கம்பத்துல கட்டினபடியே இருக்கு."

"வரைபடத்துல இருக்கா?"

"இல்ல மேடம். ஆலையை மூடினதும் படத்துலேருந்து எடுத்துட்டாங்க. கம்பியை எடுக்கல."

"படத்துல இல்லாத கம்பியில எப்படிக் கரண்டு போகும்?"

"கரண்டுக்குப் படம் பாக்கத் தெரியாது மேடம். அதுல ஊரே துணி காயப்போடுது. எழுபது நாளா அதான் கொடி."

ஒதெத் மேடம் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, ஓர் எச்சரிக்கை அறிவிப்புக்கு விண்ணப்பம் போட்டார். அதில் பாதுகாப்புப் பிரிவு, சட்டப் பிரிவு, கம்பெனிப் பெயரைக் காக்கும் பிரிவு மூன்றும் கையொப்பம் இட வேண்டும். "நான் அனுப்பிட்டேன். நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. ஒரே குரல். ஞாபகம் இருக்கில்ல?" என்றார்.

காசியானோவுக்கு ஞாபகம் இருந்தது. நகரத்தில் நர்ஸிங் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்த மகளும் ஞாபகத்தில் இருந்தாள்.

அவர் வீடுகளுக்குப் பின்னால் போனார். லிகாயா கூடை நிறைய மஞ்சள் சட்டைகளோடு அந்தக் கம்பியின் கீழே நின்று ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பியின் மறுகோடியில் பிளந்த கணவாய்கள் தொங்கின.

"லிகாயா, இந்தக் கம்பியில போட வேண்டாமே" என்றார்.

அவள் திரும்பினாள். "ஏண்ணே? இன்னைக்குக் கரண்டு வருதா?"

நேராகக் கேட்டாள். சுற்றுமுற்றும் யாரும் இல்லை. ஆமாம் என்று ஒரு சொல். காசியானோவின் வாய் திறந்தது. மூன்று நாள் பயிற்சியும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அதில்ல. கம்பி துருப்பிடிச்சிருக்கு. சட்டையில கறை படும்."

"படட்டுமே. உங்க கம்பெனி சட்டை, உங்க கம்பெனி துரு" என்று சிரித்துவிட்டு அடுத்த சட்டையை உதறினாள்.

மற்றவர்களும் கூடைகளோடு வந்தார்கள். காசியானோ அங்கேயே ஒரு தென்னையடியில் நின்றுகொண்டார். இரண்டு மணிக்குள் அறிவிப்பு வந்துவிடும், இல்லாவிட்டால் தானே எல்லாரையும் விரட்டிவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மைதானத்துக்கு ஓடிப்போய்க் கேட்டார். அறிவிப்பு மணிலாவில் மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தது. 'அபாயம்' என்ற சொல்லைச் சட்டப் பிரிவு எடுத்துவிட்டு 'கவனம்' என்று போட்டது. கவனம் என்றாலே ஜனங்கள் பயப்படுவார்கள் என்று பெயரைக் காக்கும் பிரிவு அதையும் எடுத்தது. கம்பியைத் தொடாதீர்கள் என்பது 'இல்லை' வகையைச் சேர்ந்தது என்பதால் அந்த வரியே போனது. ஒன்று நாற்பத்தெட்டுக்கு மூன்று கையொப்பமும் விழுந்து, அறிவிப்பு ஊர்க்காரர்கள் எல்லாருடைய கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது: "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் சுற்றுப்புறத்துக் கம்பிகளோடு ஒரு புதிய உறவுக்குத் தயாராகுங்கள்."

தாலிங்காப்பின் கைபேசிகள் எல்லாம் சார்ஜ் இல்லாமல் அலமாரிகளில் கிடந்தன.

அதற்குள் சட்டைகள் காய்ந்துவிட்டன. பெண்கள் வந்து எடுத்துப்போனார்கள். லிகாயாவும் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு, மற்றவற்றை அள்ளிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். ஒரே ஒரு சட்டை மட்டும் கம்பியில் இருந்தது. இனி யாரும் வரப்போவதில்லை என்று காசியானோ மூச்சு விட்டார். அதை எடுக்கத்தான் கையை நீட்டினார். அதற்குள் வில்யேகாஸ் வேட்டைநாய்போல் மூச்சிரைக்க வந்து அவர் தோளைப் பிடித்தார்.

"இங்க என்னய்யா பண்ற? தலைவர் உன் பேரைச் சொல்லிட்டாரு. கதை எழுதின ஆளு மேடையில இல்லைன்னா என் கதை முடிஞ்சுது. நட."

"ஒரு நிமிஷம் சார், அந்தச் சட்டை..."

"உனக்கு மேடையில புதுசு தர்றாங்க. நடய்யா."

இழுத்துக்கொண்டு போனார். மேடையில் கம்பெனித் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். படகில் கொண்டுவந்த ஜெனரேட்டர் ஒலிபெருக்கிக்காக உறுமிக்கொண்டிருந்தது.

"ஒரு காலத்தில் ஒரு கம்பம் சாய்ந்தால் உடனே ஆள் அனுப்புவோம். அது பழைய சிந்தனை. கம்பத்தை நிமிர்த்தினோமே தவிர, வாடிக்கையாளரின் மனத்தை நிமிர்த்தினோமா? இன்று ஆள் அனுப்புவதில்லை. செய்தி அனுப்புகிறோம். மின்சாரம் கொடுப்பது யாராலும் முடியும் அன்பர்களே. கொடுக்காமல் இருந்தும் உறவைக் காப்பாற்றுவது எங்களால் மட்டுமே முடியும். எழுபத்தோரு நாட்கள். ஒரு யூனிட் வீணாகவில்லை. நீங்கள் இருட்டில் இருந்தீர்கள். ஆனால் எங்கள் புள்ளிவிவரத்தில் வெளிச்சமாக இருந்தீர்கள்."

முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கிராமத் தலைவருக்கு ஒரு கண்ணாடி விளக்கு பரிசாகக் கிடைத்தது. காசியானோவின் கழுத்தில் மாலை விழுந்தது. அவர் கண்கள் கூட்டத்தை மஞ்சள் மஞ்சளாக எண்ணிக்கொண்டு வந்தன. லிகாயா மூன்றாம் வரிசையில் இருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. அவள் திரும்பித் திரும்பிக் கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்செனியோ அப்போதுதான் கடலிலிருந்து வந்திருக்கிறான். மைதானத்து ஓரத்தில் ஈரக் கால்சட்டையோடு வந்து நின்றவனை ஒதெத் மேடத்தின் ஆள் ஒருவன், மஞ்சள் போடாமல் உள்ளே வரக் கூடாது என்று தடுத்திருக்கிறான். "எம் பொண்டாட்டி எனக்கு ஒண்ணு காயப்போட்டிருப்பா, எடுத்துட்டு வர்றேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வர்றேன் பாரு" என்று சொல்லிவிட்டு அவன் வீடுகளுக்குப் பின்னால் போனான். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

இரண்டு மணி. கூரையடியில் விளக்குகள் எரிந்தன. எழுபத்தோரு நாள் தூசியை உதறிக்கொண்டு மின்விசிறிகள் சுழன்றன. ஏதோ ஒரு வீட்டில் வானொலி தானாகப் பாட ஆரம்பித்தது. ஜனங்கள் எழுந்து கூச்சலிட்டார்கள், அழுதார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஒதெத் மேடம் படம் பிடிப்பவனைப் பார்த்துத் தலையாட்டினார். முகங்களில் சந்தோஷம் நிஜமாகவே இருந்தது.

காசியானோ மாலையோடு மேடையிலிருந்து குதித்து ஓடினார். வழியில் வேலியில் சாத்தியிருந்த காய்ந்த மூங்கிலை உருவிக்கொண்டார். ஆர்செனியோ கம்பியைப் பிடித்தபடியே முழங்காலிட்டிருந்தான். உப்புத் தண்ணீர் சொட்டிய அவன் உடம்பு அதிர்ந்துகொண்டிருந்தது. மூங்கிலால் கம்பியைத் தட்டித் தள்ளிய பிறகுதான் அவன் சரிந்தான். காசியானோ அவன் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். அரை மணி நேரம் விடவில்லை. யாரோ வந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். கரண்டை நிறுத்தச் சொல்லி வில்யேகாஸ் செபுவுக்குப் போட்ட அழைப்பு இன்னமும் வரிசையில் இருந்தது. அவருடைய கைபேசி, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று இனிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து மணிலாவிலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. அதை நேரில் வாசித்துக் கொடுப்பது உரையாடல் அலுவலரின் கடமை என்றார்கள். "ஒரு வாடிக்கையாளர், பதிவில் இல்லாத ஒரு கம்பியோடு தன்னிச்சையாகத் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டது குறித்து வருந்துகிறோம்" என்று அது தொடங்கியது. கீழே, துணிகளை வெயிலில் உலர்த்துவதால் ஏற்படும் நன்மைகள் மூன்று வரியில். அந்த வீட்டின் செலவு இரண்டு மாதமாகச் சுழியமாக இருந்ததால், கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி மூலையில் ஒரு சிரித்த முகத்தையும் அச்சிட்டிருந்தது.

பிற்பகலில் காசியானோ போனார். ஊர்வழக்கப்படி சடலத்தை வீட்டுக்குள்ளேயே வைத்து, சுற்றிலும் விளக்கேற்றியிருந்தார்கள். வாசலில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டும் பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டும் இருந்தார்கள். அவரைக் கண்டதும் சீட்டுகள் நின்றன. ஐஸ்பெட்டி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. லிகாயா சவப்பெட்டியின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள்.

காசியானோ உறையை எடுத்தார். பிரிக்கவில்லை. திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நான் உங்ககிட்டக் கேட்டேனேண்ணே" என்றாள் லிகாயா. குரல் உயரவில்லை. "இன்னைக்குக் கரண்டு வருதான்னு."

"கேட்டே."

"உங்களுக்கு அப்பத் தெரியுமா?"

"தெரியும். பதினொரு மணிக்கே தெரியும்."

"அவர் போனது ரெண்டு மணிக்கு."

"ஆமா."

"மூணு மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கையெழுத்துக்காகக் காத்துட்டிருந்தேன்."

வாசலில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். லிகாயா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள். பிறகு, "இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"யார்கிட்டயும் இல்ல."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

கம்பெனியும் ஒரு விசாரணை நடத்தியது. கம்பி படத்தில் இல்லை. ஆகவே கம்பெனியுடையது இல்லை. அறிவிப்பு உரிய நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் முன்பே போய்ச் சேர்ந்தது. ஆகவே உரையாடலில் குறை இல்லை. காசியானோ நடந்ததைச் சொல்ல வாயெடுத்தபோது, விசாரிக்க வந்த மூவரில் நடுவில் இருந்தவர், "இந்தத் தகவலை எந்தப் பொத்தான் வழியாக முன்பே பதிவு செய்தீர்கள்?" என்று கேட்டார். எதிலும் இல்லை என்றதும், அப்படியானால் அது தகவல் அல்ல, அபிப்பிராயம் என்று குறித்துக்கொண்டார். ஒதெத் மேடம் கடைசிவரை தலை நிமிரவில்லை. தான் விண்ணப்பம் போட்டுவிட்டதாக ஒரு தடவை சொன்னார், அது உண்மைதான். மறுமாதம் அவரை வேறு தீவுக்கு மாற்றினார்கள்.

வில்யேகாஸ் காசியானோவைத் தனியே கூப்பிட்டு மன்றாடினார். "வெளியில எழுதிக் கொடுத்தா வேலை போறது மட்டுமில்ல. பொய் சொன்னது நீ. ஜெயில்ல உக்காரப் போறதும் நீ. தலைவரா வந்து உக்காருவாரு?"

"தெரியும் சார்" என்றார் காசியானோ.

விசாரணை முடிந்த வாரம், வியாழக்கிழமை காலைப் படகில் காசியானோவும் லிகாயாவும் நகரத்துக்குப் போனார்கள். லிகாயா முன்பக்கம் உட்கார்ந்தாள், அவர் பின்பக்கம். நோட்டரி வக்கீலின் அறை மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. காசியானோ சொல்லச் சொல்ல வக்கீல் தட்டச்சு செய்தார். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு வக்கீல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முழுவதையும் சத்தமாக வாசித்தார். பதினொரு மணி, நிகழ்ச்சி நிரல், விண்ணப்பம், தென்னையடி. அவருடைய குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"இன்றைக்குக் கரண்டு வருகிறதா என்று அந்தப் பெண்மணி என்னிடம் நேராகக் கேட்டார். வருகிறது என்று எனக்குத் தெரியும். வரவில்லை என்று அவர் நம்பும்படி நான் வேறு பதில் சொன்னேன்."

"அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிங்க" என்றாள் லிகாயா.

வக்கீல் காசியானோவைப் பார்த்தார். காசியானோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் மறுபடியும் வாசித்தார்.

லிகாயா மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொல் வரை கேட்டாள்.

"சரி" என்றாள். "அவர்கிட்டப் பேனாவைக் கொடுங்க."